ஹெட்டு வேலை ரெண்டு நாள், கார்பரேட்டர் வேலை பத்து நாள்

சாயங்காலம் எஸ்டேட் ஆபீஸ் முடிஞ்சு ஏற்காட்டுல இருந்து இறங்குறேன்னு வைங்க, 20 ஹேர்பின் பெண்டும் ஆக்சிலேட்டர சுத்தமா விட்டுட்டு ரெண்டாவது மூணாவது கியர்ல எஞ்சின் பிடிப்புலயே வந்துடுவேன், அடிவாரம் தாண்டி நேர் ரோடு வந்ததும் ஒரு முறுக்கு முறுக்குனா பின்னாடி வர்றவன் மூஞ்சில நீலமா ஒரு பொகை போய் அப்பும். ஒரே ஒரு தடவைதான், அப்பறம் கோரிமேடு வரைக்கும் ஒண்ணும் இருக்காது. ஆரம்பத்துல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, ஒரு நாள் பின்னாடி வந்த அக்கா ஸ்கூட்டிய பக்கத்துல கொண்டாந்து நிறுத்தி "ஏந்தம்பி கொசுமருந்து அடிக்கிறியா"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. அன்னைக்குதான் இத இதுக்கு மேல தள்ளிப்போட முடியாதுன்னு தோணுச்சு.

வண்டி ஸ்ப்ளெண்டர், 97.2 சிசி, காத்தையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்குற கார்பரேட்டர் வச்ச பழைய மாடல். அப்பா ஓட்டி அப்பறம் என் கைக்கு வந்தது. மீட்டர் கேபிள் அறுந்து ரெண்டு மூணு வருஷம் அப்படியே ஓட்டுனதுல எத்தனை கிலோமீட்டர்னு அதுக்கே தெரியாது. கண்ணங்குறிச்சி வீட்டுல இருந்து தினமும் மேல ஏறி இறங்கணும், போக வர 60 கிலோமீட்டர் பக்கம் வரும், பாதிக்கு மேல மலை. இத்தனைக்கும் வண்டி என்னைய நடு பெண்டுல விட்டதே கிடையாது, அதனால கோபமெல்லாம் இல்ல, வயசாச்சு அவ்ளோதான்.

பொகை ஒரு பக்கம், இழுவை இன்னொரு பக்கம். முன்னாடி ரெண்டாவது கியர்ல ஏறுன பெண்டெல்லாம் ஃபர்ஸ்ட் கேக்க ஆரம்பிச்சுது, பத்தாவது பெண்டுக்கு மேல பின்னாடி ஒரு ஆள் உக்காந்திருந்தா நான் இறங்கித் தள்ளலாமான்னு யோசிக்கிற நெலமை. காலைல கிக்கர் மிதிச்சா வெண்ணெய் மாதிரி இறங்கும். இறங்கக்கூடாது, கால எத்தணும்.

எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்காரு, முன்னாடி சொந்தமா பட்டறை வச்சிருந்தவரு, இடுப்பு வலி வந்து கடைய மூடிட்டு இப்போ தெரிஞ்சவங்க வண்டிய மட்டும் வீட்டு வாசல்ல வச்சுப் பாக்குறாரு. அவர்கிட்ட ஓட்டிட்டுப் போனேன். ப்ளக்க கழட்டி, பிஸ்டன மேல கம்ப்ரெஷன்ல கொண்டாந்து நிறுத்தி, டாப் கியர் போட்டு பின் பிரேக்க என்னைய மிதிச்சுப் புடிக்கச் சொல்லிட்டு, ப்ளக் ஓட்டைல ரப்பர் வச்ச நாசில அமுத்தி ஏர் அடிச்சாரு. சைலன்சர் வாயில "உஸ்ஸ்"னு காத்து வந்துச்சு. "காது கொடுத்துக் கேளு கண்ணு, சைலன்சர்ல வந்தா பொகைய வெளிய விடுற எக்ஸாஸ்ட் வால்வு ஒக்காரல, கார்பரேட்டர் பக்கம் வந்தா காத்த உள்ள விடுற இன்லெட் வால்வு, ஆயில் ஊத்துற மூடிகிட்ட வந்தா பிஸ்டன் ரிங்கு. உனக்கு ரிங்கு இன்னும் ஓடும்."

பொகைக்குக் காரணம் தனியா சொன்னாரு. ஆக்சிலேட்டர விட்டுட்டு மலை இறங்குறப்போ கார்பரேட்டர்ல காத்து வழிய மூடித் தொறக்குற ஸ்லைடு மூடியிருக்கும், ஆனா எஞ்சின சக்கரம் தள்ளி வேகமா சுத்த வைக்குது, அதனால இன்லெட் பக்கம் காத்துக்கு வழி இல்லாம உறிஞ்சல் பயங்கரமா இருக்கும், வால்வு தண்டு போய் வர்ற கைடுல இருக்குற ஆயில் சீல் காஞ்சு வெறச்சுப் போயிருந்தா அந்த உறிஞ்சல்ல மேல இருக்குற ஆயிலு கைடு வழியா உள்ள இறங்கும், கீழ வந்து முறுக்குனதும் சேந்த ஆயிலெல்லாம் ஒண்ணா எரிஞ்சு பொகையா வரும். சமவெளில மட்டும் ஓட்டுற வண்டினா இது வெளிய தெரியவே இன்னும் ரெண்டு வருஷம் ஆயிருக்கும்னாரு.

வால்வு ஏன் போச்சுன்னு கேட்டேன். ரெண்டு சந்தேகம் சொன்னாரு. ஒண்ணு, டேப்பட், வால்வ அமுத்தித் தொறக்குற சாமான். எக்ஸாஸ்ட் வால்வு ஓட ஓட சீட்டுக்குள்ள கொஞ்சங்கொஞ்சமா அமுங்கும், அப்போ டேப்பட் இடைவெளி கொறஞ்சுக்கிட்டே வரும், ஒரு கட்டத்துல வால்வு முழுசா மூடாது. வால்வு சூட்ட எறக்கி வைக்கிறதே சீட்டுல ஒக்கார்ற அந்த நேரத்துலதான், ஒக்காரலைன்னா ஓரம் கருகிடும். "டேப்பட் சத்தம் லேசா டிக்டிக்னு கேட்டா ஒண்ணும் பயமில்ல, சத்தமே இல்லாம பட்டு மாதிரி ஓடுதுன்னு சந்தோஷப்படுறான் பாரு, அவன் வண்டிதான் எங்கிட்ட ஹெட்டு வேலைக்கு வரும்." நான் அப்படி சந்தோஷப்பட்டவன்தான். ஹெட்டுன்னா சிலிண்டருக்கு மூடி மாதிரி இருக்குற பாகம், வால்வு ரெண்டும் அதுலதான் இருக்கும்.

ரெண்டாவது சந்தேகம் கார்பரேட்டர் மேல. அஞ்சாறு வருஷம் முன்னாடி ஏற்காட்டுல ஒரு பட்டறைல மைலேஜ் பத்தலன்னு சொன்னதுக்கு, கார்பரேட்டருக்குள்ள பெட்ரோல் அளவ கட்டுப்படுத்துற ஊசிய ஒரு காடி எறக்கி விட்டாங்க. எனக்கு அது ஞாபகம் இருந்துச்சு, ஏன்னா அன்னைக்கு மைலேஜ் நெஜமாவே ஏறுச்சு. சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் பக்கம், ஏற்காடு 1500 மீட்டர் பக்கம், மேல போகப் போக காத்து மெலிசு, கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு கொறையும். கார்பரேட்டருக்கு அது தெரியாது, கீழ ஊத்துற கணக்குலயே பெட்ரோல் ஊத்தும், அதனால மேல பெட்ரோல் மிஞ்சி ரிச்சா ஓடும், ப்ளக் கருக்கும். இப்போ 2020க்கு அப்பறம் வந்த பிஎஸ்6 வண்டிங்க பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன், சென்சார் பாத்து அதுவே சரி பண்ணிக்கும். நம்ம வண்டில மேல வச்சு ஊசிய எறக்கி சரி பண்ணா, கீழ வந்து காத்து அடர்த்தியாகும்போது பெட்ரோல் பத்தாம லீனா ஓடும், சூடு ஏறும். மேல கொஞ்சம் ரிச்சா ஓடுனா பெட்ரோல்தான் நஷ்டம், கீழ லீனா ஓடுனா வால்வே போயிடும்னு அண்ணன் சொல்லிட்டு, ஊசிக் கிளிப்ப பழைய காடிக்கே மாத்திடலாம்னாரு.

இவ்ளோதான் நோய். இனிமே நான் பண்ண கூத்து.

அண்ணனுக்கு குனிஞ்சு வேலை பாக்க முடியாது. "நீ ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுலயே சைலன்சரையும் கார்பரேட்டரையும் எறக்கி வச்சிரு, நான் சாயங்காலம் வந்து ஹெட்ட எறக்குறேன்"னாரு. அப்போ புரட்டாசி மாசம், கார்த்திகை வந்தா எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிக்க ஆரம்பிச்சுடுவாங்க, அப்போ ஒரு நாள் கூட லீவு கேக்க முடியாது, அதனால இப்பவே முடிச்சாகணும். நான் போன்ல ஒரு வீடியோ பாத்துட்டு உக்காந்தேன். சைலன்சர்ல ஒண்ணுமில்ல, ஹெட்டு பக்கம் ரெண்டு நட்டு, பின்னாடி ஒரு போல்ட்டு, முந்தின நாள் ராத்திரியே நட்டுல துரு எறங்குற ஆயில் அடிச்சு வச்சிருந்ததால மரை போகாம வந்துடுச்சு.

கார்பரேட்டர்ல மொத பாடம் பெட்ரோல் டேப்பு. ஆஃப்னு திருப்பி வச்சேன், ஹோஸ உருவுனேன், ஆஃப்ல இருக்குற டேப்புல இருந்து பெட்ரோல் சொட்டுது. உள்ள இருக்குற ரப்பர் தேஞ்சு எத்தனை வருஷமோ, ஹோஸ் மாட்டியிருக்குற வரைக்கும் கார்பரேட்டருக்குள்ள மெதக்குற ஃப்ளோட் தடுத்து வச்சிருக்கு, எனக்கு தெரியல. வெரல வச்சு அடச்சுக்கிட்டு ஒரு போல்ட்டு கொண்டாங்கன்னு நான் கத்த, உள்ள பூஜை ரூம்ல வெளக்கு எரியுது, அம்மா வெளிய வந்து திட்டுன திட்டு இருக்கே. டேங்க் காலியா இருக்குறப்போ இந்த வேலைய வைங்க, இல்லனா டேங்க கழட்டி தூரமா வச்சுடுங்க, சீட்டு எடுத்தா டேங்க் ஈசியாதான் வரும். கார்பரேட்டர் அடில பெட்ரோல் நிக்குற கிண்ணம்தான் பவுல், அதுக்கு அடில ட்ரெயின் ஸ்க்ரூ இருக்கும், அத லூஸ் பண்ணி பவுல்ல நிக்குற பெட்ரோல ஒரு பாட்டில்ல புடிச்சுடுங்க, இல்லனா கார்பரேட்டர சாய்ச்சதும் கைல ஊத்தும். கண்ணாடி மாதிரி பாட்டில்ல புடிச்சா இன்னொரு நன்மை, அடில தண்ணி முத்து நிக்குதான்னு தெரியும். இப்போ பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது தண்ணிய இழுக்கும், மழைக்காலத்துல ஏற்காட்டு பனில நிக்குற வண்டிக்கு இது சும்மா விஷயம் இல்ல. எனக்கு ரெண்டு முத்து நின்னுச்சு.

ஹோஸு பழசானா குழாயோட ஒட்டிக்கும். இழுக்காதீங்க, பித்தளைக் குழாய் ஆடி லூஸாயிடும், மொதல்ல லேசா திருகி ஒட்டல விடுவிச்சுட்டு அப்பறம் உருவணும், அதுக்கும் வரலன்னா ஹோஸ வெட்டிடுங்க, ஹோஸ் புதுசு வாங்கிக்கலாம்.

அடுத்தது மேல இருக்குற மூடி. கையாலயே திருகலாம், அது வந்ததும் கேபிளோட ஸ்பிரிங்கு, ஸ்லைடு, ஸ்லைடுக்குள்ள ஊசி எல்லாம் ஒண்ணா மேல வரும். கேபிள ஸ்லைடுல இருந்து பிரிக்கத் தேவையே இல்ல, அப்படியே ஒரு சுத்தமான பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரப்பர் பேண்டு போட்டு ஹேண்டில்பார் பக்கம் கட்டித் தொங்க விட்டா போதும். அந்த ஊசி பாக்க ஸ்டீலு மாதிரி இருந்தாலும் ஒரு தட்டு பட்டா வளையும், வளைஞ்ச ஊசி நடு ரேஸ்ல உங்கள வாழ்நாள் பூரா குழப்பும். பின்னாடி ஏர் ஃபில்டர் ரப்பர் குழாய்ல ஒரு கிளிப்பு, ஸ்க்ரூவ லூஸ் பண்ணி பின்னால தள்ளிக்கலாம்.

ஸ்க்ரூ பத்தி ஒண்ணு. இந்த கார்பரேட்டர் ஸ்க்ரூ எல்லாம் ஜப்பான் அளவு, பாக்க நம்ம ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனா பள்ளத்தோட வடிவம் வேற. சாதா ஸ்டார் டிரைவர் வச்சு திருப்புனா ஏறி வழுக்கி தலைய மழுக்கிடும். ஒண்ணு அந்த ஜப்பான் மாடல் டிரைவர் வாங்குங்க, இல்ல சரியா நெறையிற சைஸ் டிரைவர வச்சு உள்ளங்கையால நல்லா அமுத்திக்கிட்டு திருப்புங்க. நான் பவுல் ஸ்க்ரூல ஒண்ணு மழுக்கினேன். அத கட்டிங் பிளேயர் வச்சு எடுத்தது தனிக்கதை.

இப்போ முக்கியமான எடம். இந்த வண்டில சிலிண்டர் கிட்டத்தட்ட படுத்த மாதிரி இருக்கும், இன்லெட் ஓட்டை ஹெட்டுக்கு மேல பக்கம், அதுல இருந்து ஒரு வளைஞ்ச பைப்பு பின்னாடி போய் கார்பரேட்டரோட சேரும். ஆக ரெண்டு ஜாயிண்ட். ஹெட்டுக்கும் பைப்புக்கும் ஒண்ணு, பைப்புக்கும் கார்பரேட்டருக்கும் ஒண்ணு. ரெண்டாவது ஜாயிண்ட்ல நடுவுல கருப்பா ஒரு இன்சுலேட்டர் கட்டை இருக்கும், எஞ்சின் சூடு கார்பரேட்டருக்கு ஏறி பெட்ரோல் கொதிக்காம இருக்கறதுக்கு, அதோட காத்து கசியாம இருக்க ஓ-ரிங்குன்னு ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். ஹெட்டு வேலைக்கு மொத ஜாயிண்ட பிரிச்சா போதும், பத்து நம்பர் ஸ்பேனர்ல ரெண்டு போல்ட்டு, கார்பரேட்டரும் பைப்பும் ஒரே துண்டா கைக்கு வந்துடும், ரெண்டாவது ஜாயிண்ட தொடவே வேணாம். அண்ணன் இத ஏற்கனவே சொல்லியிருக்காரு, "பைப்போட எடு"ன்னு. நான் கேட்டதா ஞாபகமே இல்ல. வீடியோல வேற மாடல் வண்டி, அதுல கார்பரேட்டர தனியா கழட்டுனாங்க, நானும் தனியா கழட்டுனேன், அப்பறம் பைப்பையும் கழட்டுனேன். ரெண்டு ஜாயிண்டும் பிரிஞ்சுது.

அண்ணன் சாயங்காலம் வந்து பாத்துட்டு "ஏண்டா வேலைய ரெட்டிப்பாக்குன"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு விட்டுட்டாரு. அப்பறம் இன்லெட் ஓட்டை ஆகாசத்தப் பாத்து தொறந்து கெடக்குறத பாத்ததும்தான் நெஜமாவே கோவம் வந்துச்சு. மேல பாத்த ஓட்டைல ஒரு வாஷர் விழுந்தா வால்வு வழியா நேரா சிலிண்டர்தான். துணி வச்சு அடைக்கணும், அதுலயும் பனியன் வேஸ்ட்டு வேணாம், நூல் நூலா உதிரும், பழைய வேட்டித் துணி நல்லது, வால் ஒரு முழம் வெளிய தொங்கற மாதிரி வைக்கணும். வால் தொங்குனாதான் திரும்ப மாட்டும்போது மறக்க முடியாது. துணியோட ஸ்டார்ட் பண்ணவங்கள பாத்திருக்காராம்.

ஹெட்ட எறக்குனது, அது அவர் வேலை, நான் டார்ச்சு புடிச்சேன். மேக்னெட்ல டி மார்க்க பொருத்தி, டைமிங் செயின் ஸ்ப்ராக்கெட்ட எடுக்குறப்போ செயின் உள்ள விழுந்துடாம கம்பி போட்டுக் கட்டி, நாலு நட்டையும் குறுக்கு குறுக்கா கொஞ்சங்கொஞ்சமா லூஸ் பண்ணி எடுத்தாரு. எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்துல ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப்போய் அரிச்ச மாதிரி இருந்துச்சு. திங்கக்கிழமை டவுன்ல லேத்துல சீட்டு கட்டிங், புது எக்ஸாஸ்ட் வால்வு, ரெண்டு ஆயில் சீலு. செவ்வாய் அவர் வீட்டு வாசல்ல உக்காந்து கிரைண்டிங் பேஸ்ட்டு போட்டு வால்வ நான்தான் உருட்டுனேன், உள்ளங்கைல தோல் உரிஞ்சுது. ஹெட்ட சாய்ச்சு போர்ட்டுக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்தி அரை மணி நேரம் வச்சிருந்தோம், ஒரு சொட்டு கசியல. ரெண்டு நாள்ல ஹெட்டு முடிஞ்சுது, சுத்தமா முடிஞ்சுது. அதுல ஒரு குறையும் இல்ல.

நடுவுல கார்பரேட்டர கழுவுறது என் பொறுப்பு. ஏர் ஸ்க்ரூவ எடுக்கறதுக்கு முன்னாடி மெதுவா உள்ள மூடி எத்தனை சுத்துன்னு எண்ணி செவுத்துல கரித்துண்டுல எழுதி வச்சேன், இது ஒண்ணுதான் நான் ஒழுங்கா பண்ணது. மூடும்போது லேசா தட்டுனதும் நிறுத்திடணும், இறுக்குனா நுனி ஒடுங்கி அந்த ஓட்டையவும் கெடுத்துடும். பெட்ரோல் அளந்து விடுற பித்தளை ஜெட்டுக்குள்ள கம்பி விட்டு குத்துற பழக்கம் நம்ம ஊர்ல எல்லாருக்கும் இருக்கு, பித்தளை மெதுவான சாமான், ஓட்டை பெருசாச்சுன்னா அந்த ஜெட்டு அப்பறம் ஜெட்டே இல்ல. க்ளீனர் ஊத்தி ஊற வச்சு ஏர் அடிங்க, அடிக்கும்போது கண்ணுக்கு எதாச்சும் போட்டுக்கோங்க, ஒரு ஓட்டைல அடிச்சா இன்னொரு ஓட்டைல பீச்சும், எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது.

புதன்கிழமை ஹெட்ட ஏத்தி டேப்பட் வச்சுக் கொடுத்துட்டு அண்ணன் கெளம்பிட்டாரு, இருட்டிடுச்சு, கார்பரேட்டர காலைல மாட்டலாம்னாரு. எனக்குத் தூக்கம் வருமா. ராத்திரி ஒம்போது மணிக்கு நானே மாட்டுனேன். அடைச்ச துணிய வால புடிச்சு உருவுனேன். பைப்பு, இன்சுலேட்டர், பழைய ஓ-ரிங்கையே தொடச்சு வச்சேன், பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. கார்பரேட்டர வச்சு ரெண்டு பக்கமும் நல்லா இறுக்குனேன். ஸ்லைட விட்டேன், மூடிய மூடுனேன், கிக்கர மிதிச்சேன், இப்போ கால எத்துச்சு, அந்த எத்து இருக்கே, அதுக்கே வேலை செஞ்ச காசு வந்துடுச்சுன்னு நினைச்சேன். ரெண்டாவது மிதில ஸ்டார்ட்டு. ஸ்டார்ட்டுனா சாதா ஸ்டார்ட்டு இல்ல, முழு ரேஸு, தெருவே அலறுது. சாவிய ஆஃப் பண்றதுக்குள்ள பக்கத்து வீட்டுத் தாத்தா பேட்டரி லைட்டோட வெளிய வந்துட்டாரு.

ஸ்லைடோட பக்கவாட்டுல ஒரு நீள காடி இருக்கும், கார்பரேட்டர் உள்ள இருக்குற ஒரு சின்ன முள்ளு அதுல ஒக்காரணும், ஒக்காரலன்னா ஸ்லைடு பாதிலயே நின்னுடும், அதாவது ஆக்சிலேட்டர் முறுக்குன மாதிரியே நிக்கும். அதோட ஸ்லைடு அடில ஒரு பக்கம் வெட்டி விட்டிருக்கும், அந்த வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பாக்கணும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆக்சிலேட்டர முழுசா முறுக்கி விட்டுப் பாருங்க, "டக்"னு கீழ இறங்குற சத்தம் கேக்கணும். கேக்கலன்னா கிக்கர் மேல கால வைக்காதீங்க. புதுசா ஏத்துன ஹெட்டுல ஆயில் மேல ஏறுறதுக்கு முன்னாடியே அப்படி அலற விட்டது நெனச்சா இன்னைக்கும் வயித்தக் கலக்குது.

சரி, ஸ்லைட சரியா விட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணேன். ஓடுச்சு. ஆனா ஸ்லோ ஸ்பீடு நிக்கல. கோல்டுல ஆஃப் ஆகுது, சூடானா ரேஸ் ஏறி நிக்குது, ஒரு தட்டு முறுக்கி விட்டா கீழ எறங்க அஞ்சாறு செகண்டு எடுத்துக்குது. நான் என்ன பண்ணேன், ஐட்லிங் ஸ்க்ரூவ குறைச்சேன். இன்னும் குறைச்சேன். அது முழுசா வெளிய வந்துடுச்சு, அப்பவும் சூடானா ரேஸு. வியாழன் காலைல வேலைக்கு நேரமாச்சுன்னு அப்படியே மேல ஓட்டிட்டுப் போயிட்டேன்.

ஏறுறப்போ இழுவை அருமை, ரெண்டாவது கியர்லயே எல்லா பெண்டும். சாயங்காலம் இறங்குறப்போ சைலன்சர்ல பட்டு பட்டுனு வெடி, ஒவ்வொரு பெண்டுக்கும் ஆக்சிலேட்டர விடும்போதெல்லாம் தீபாவளி. அடிவாரத்துல கொரங்குங்க எல்லாம் சுவத்துல இருந்து எறங்கி ஓடிடுச்சு. நீலப்பொகை மட்டும் சுத்தமா வரல, அந்த ஒரு சந்தோஷம். ப்ளக்க கழட்டிப் பாத்தேன், சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. வெள்ளைனா லீனு, எந்த நோய்க்கு ஹெட்டு வேலை பாத்தோமோ அதே நோய் திரும்ப.

லீக்குதான்னு எனக்கே புரிஞ்சுது, கணக்குல இல்லாத காத்து எங்கயோ ஒரு ஜாயிண்ட்ல உள்ள போகுது. லீக்குனா என்ன பண்ணுவோம், இறுக்குவோம். கார்பரேட்டர் நட்டு ரெண்டையும் இன்னும் ஒரு கால் சுத்து இறுக்குனேன். ரேஸ் ஏறுச்சே ஒழிய குறையல. வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம். சனிக்கிழமை கடைல புது ஓ-ரிங் வாங்கி மாட்டி அதவிட இறுக்கமா இறுக்குனேன், கடைக்காரர் பெட்டில இருந்து அளவு பாக்காம எடுத்துக் கொடுத்தத நானும் அளவு பாக்காம வாங்குனேன், ரெண்டு நாள் சுமாரா இருந்துட்டு மறுபடி அதே. அண்ணனுக்கு போன் பண்ண வெக்கம். அவர் ஹெட்ட கெடுத்துட்டாருன்னு நான் சொல்றேன்னு நினைச்சுடுவாரோன்னு வேற.

பொறுக்காம புதன்கிழமை கூப்பிட்டேன். வந்தாரு, வண்டிய சூடாக்கி ஸ்டாண்டுல நிறுத்தி, ஒரு குச்சில எஞ்சின் ஆயில தொட்டு மொதல்ல ஹெட்டு ஜாயிண்ட சுத்தித் தடவுனாரு, ஒரு மாத்தமும் இல்ல. அப்பறம் கார்பரேட்டர் ஜாயிண்ட்ல தடவுனாரு, தடவுன ரெண்டாவது செகண்டு ரேஸ் பொத்துனு எறங்குச்சு, கொஞ்ச நேரத்துல மறுபடி ஏறுச்சு. ஆயிலு இடுக்க அடைச்சு, அப்பறம் உள்ள உறிஞ்சிக்கிட்டு போயிடுச்சு. சில பேரு இதுக்கு பெட்ரோல தெளிப்பாங்க, சூடான எஞ்சின் மேல, ப்ளக் வயர் பக்கத்துல, அது மட்டும் வேணவே வேணாம்.

கழட்டி ஒரு கண்ணாடித் துண்டு மேல கார்பரேட்டரோட ஃப்ளாஞ்ச, அதாவது பைப்போட சேர்ற தட்டையான முகப்ப, வச்சுக் காட்டுனாரு. நட்டு மாட்டுற ரெண்டு காதும் ஒட்டுது, நடுவுல இடுக்கு தெரியுது. அலுமினியம், அதுவும் ரெண்டே பக்கம் நட்டு. நடுவுல அளவுக்கு மேல தடிமனா ஓ-ரிங்கு இருக்கறப்போ ரெண்டு காதையும் இறுக்க இறுக்க காது வளையும், நடுப்பாகம் வில்லு மாதிரி எழும்பும், எழும்புனா மேலயும் கீழயும் இடுக்கு விழும். நான் இறுக்குன ஒவ்வொரு கால் சுத்தும் லீக்க பெருசாத்தான் ஆக்கியிருக்கு. 6 எம்எம் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் சுத்துவட்டாரம்தான் கணக்கு, அதாவது சின்ன ஸ்பேனர நடுவுல புடிச்சு மணிக்கட்டால இறுக்குறது, தோள் வரைக்கும் பலம் வரவே கூடாது. நான் ஸ்பேனர் மேல இன்னொரு ஸ்பேனர் கோத்து இறுக்கியிருந்தேன், அத நான் அவர்கிட்ட சொல்லல, ஆனா நட்டு முனைய பாத்தே கண்டுபிடிச்சுட்டாரு.

சரி பண்ணது ரொம்ப சாதாரணம். கண்ணாடி மேல நைஸ் எமரி பேப்பர விரிச்சு, ஆயில் தடவி, ஓ-ரிங்க எடுத்துட்டு, ஓட்டை எல்லாத்தையும் அடைச்சு, ஃப்ளாஞ்ச எட்டு மாதிரி வட்டம் போட்டுத் தேய்க்கணும். மொதல்ல ரெண்டு காது மட்டும் பளபளக்கும், தேய்க்கத் தேய்க்க பளபளப்பு நடுவுக்கும் பரவும். முழுசும் ஒரே மாதிரி ஆனதும் நிறுத்திடணும், ரொம்ப தேச்சா ஓ-ரிங் காடியோட ஆழம் கொறஞ்சு அது வேற தொல்லை. ஒரு மணி நேரம் ஆச்சு எனக்கு. அப்பறம் அளவு ஓ-ரிங்கு, 20 ரூபா. அதுல கிரீஸ் லேசா, காடில ஒக்கார வச்சு, ரெண்டு நட்டையும் கை விரலாலயே கடைசி வரைக்கும் கொண்டுபோய், அப்பறம் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம். சிலிக்கான் பேஸ்ட் போடலாமான்னு கேட்டேன். பெட்ரோல் பட்டா அது ஜவ்வா கழண்டு உள்ள போகும், கார்பரேட்டர் பக்கமே அத கொண்டாராதன்னாரு. செவுத்துல கரில எழுதி வச்ச கணக்குக்கே ஏர் ஸ்க்ரூவ வச்சு, ஐட்லிங் ஸ்க்ரூவ ஏத்தி ஸ்டார்ட் பண்ணோம். டக் டக்னு நின்னுச்சு. முறுக்கி விட்டா ஒடனே எறங்குது.

தேய்ச்சுக்கிட்டு இருந்தப்போ அவர் பழைய கதை ஒண்ணு சொன்னாரு. பட்டறை வச்ச காலத்துல ராஜ்தூத் 350 ஒண்ணு வரும், ரெண்டு சிலிண்டர், ரெண்டு கார்பரேட்டர், டூ ஸ்ட்ரோக்கு, ஹெட்டுல வால்வே கிடையாது. ஹெட்ட மட்டும் எடுக்க கார்பரேட்டர தொட வேணாம், ஆனா சிலிண்டர எடுக்கணும்னா ரெண்டையும் எறக்கணும். அதுல லெஃப்டு ரைட்டு ஸ்லைடு மாறிடக்கூடாது, கழட்டுனதுமே ஒண்ணுல சேப்பு நூல் கட்டிடுவாராம், மாட்டுனதும் ரெண்டு ஸ்லைடும் ஒரே நேரத்துல எழும்புதான்னு ஏர் ஃபில்டர கழட்டிட்டு ரெண்டு வாயிலயும் ரெண்டு விரல விட்டுப் பாப்பாராம், ஒரு விரல் முன்னாடி லேசானா கேபிள் அட்ஜஸ்டர். "உனக்கு ஒண்ணே ஒண்ணு, அதுக்கே பத்து நாள்"னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது.

அதுக்கு அடுத்த வாரம் எஸ்டேட்டுல கேட்டு அரைக் கிலோ நல்ல மிளகு வாங்கிட்டு அவர் வீட்டுக்குப் போனேன், கூலி ஒழுங்கா வாங்கிக்க மாட்டேங்கறாரு. 500 கிலோமீட்டர் ஓடுனதும் வரச் சொல்லியிருந்தாரு, புது வால்வு சீட்டுல படிஞ்சிருக்கும், டேப்பட்ட மறுபடி பாக்கணும்னு. எஞ்சின் சில்லுனு இருக்கணும்னு காலைல ஆறு மணிக்கே தள்ளிக்கிட்டுப் போனேன், ஸ்டார்ட் பண்ணா சூடாயிடும்ல. எக்ஸாஸ்ட் பக்கம் லேசா டைட் ஆயிருந்துச்சு, வச்சுக் கொடுத்தாரு. ப்ளக்க கழட்டி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம எங்கிட்ட நீட்டுனாரு, பால் தூக்கலா போட்ட காப்பி கலரு. உள்ள இருந்து அக்கா நெஜக் காப்பியும் தட்டுல நாலு தட்டுவடையும் கொண்டாந்து வச்சாங்க. குடிச்சுட்டு கெளம்புறப்போ டேப்பட் டிக்டிக்னு லேசா கேட்டுச்சு, நான் அண்ணன பாத்தேன், அவர் கையாட்டி போ போன்னாரு.